காற்றுத் துவக்குக்கு ஒரு சிறிய ஸ்கோப்: காசு கொடுக்குமுன் அறிய வேண்டியவை

இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பங்களும், இன்னும் திரும்ப முடியாமல் பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்யும் குடும்பங்களும் இன்று ஒரே குறையைச் சொல்கின்றன. ஆள் நடமாட்டம் இல்லாத காலத்தில் காணிகளில் பற்றை வளர்ந்தது. பற்றையோடு குரங்கும் பன்றியும் மயிலும் எலியும் பெருகின. இப்போது கச்சான் காய்பிடிக்கும் நேரத்திலும், சோளம் கதிர்விடும் நேரத்திலும், தென்னை குரும்பை வைக்கும் நேரத்திலும் அவை நமக்கு முன்னே அறுவடையை முடித்துவிடுகின்றன. இது வடக்கிலும் கிழக்கிலும் மட்டும் உள்ள குறையன்று. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணி முதல் ஐந்து நிமிடங்களுக்கு, பயிரை அழிக்கும் குரங்கு, மர அணில், மயில் ஆகியவற்றை நாடு முழுவதும் எண்ணிப் பார்க்கும் நிலை வந்தது.

இந்த நெருக்கடியில் பலருடைய எண்ணம் காற்றுத் துவக்கின் பக்கம் திரும்பியிருக்கிறது. எயார் றைபிள் என்று நாம் சொல்வது அதையே. அதை வாங்க நினைப்பவர்கள் அடுத்ததாகக் கேட்பது, மேலே பூட்டும் சிறு தொலைநோக்கியாகிய ஸ்கோப்பைப் பற்றி. எது நல்லது, எது பாரம் குறைந்தது, எத்தனை மடங்கு பெருப்பித்துக் காட்ட வேண்டும், மலிவானது போதுமா என்ற கேள்விகள் எழுகின்றன. இவற்றுக்கு விடை தெரியாமல் வாங்கினால், ஒரு போகத்து மிளகாய்க் காசு சில வாரங்களிலேயே உடைந்த கண்ணாடியாகிவிடும். ஆகவே இவ்விடயத்தை நாம் அடிப்படையிலிருந்து ஒழுங்காகப் பார்ப்போம்.

முதலில் துவக்கின் பலம்

ஸ்கோப் துவக்குக்குப் பலம் கொடுப்பதில்லை. அது கண்ணுக்கு மட்டுமே உதவுகிறது. இதை மறந்தவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள்.

காற்றுத் துவக்கின் பலத்தை யூல் என்ற அளவால் சொல்வார்கள். இங்கிலாந்தில் சாதாரண அனுமதியின்றி வைத்திருக்கக்கூடிய காற்று றைபிளின் எல்லை ஏறத்தாழ 16 யூல் ஆகும். ஜேர்மனியில் அந்த எல்லை 7.5 யூல். வேட்டைக்குப் பயன்படும் பன்னிரண்டாம் இலக்கச் சொட்கன் துவக்கின் பலம் இதைப்போல நூறு மடங்குக்கும் மேல். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் தெளிவாகும்.

16 யூல் பலமுள்ள துவக்கு களஞ்சியத்திலும் கோழிக்கூட்டிலும் திரியும் எலியை, கிட்டிய தூரத்தில், ஒரே வெடியில் கொல்லப் போதுமானது. குரங்கையோ பன்றியையோ முள்ளம்பன்றியையோ அது கொல்லாது. ஈயக் குண்டு தோலைத் துளைத்து உள்ளே நின்றுவிடும். விலங்கு காட்டுக்குள் ஓடி, புண் அழுகி, பல நாட்கள் வேதனைப்பட்டுச் சாகும், அல்லது வெறிகொண்டு திரும்பி வரும். யானைக்கு முன்னால் காற்றுத் துவக்கு எடுப்பவர் தன் உயிரோடு விளையாடுகிறார். எனவே இக்கட்டுரையில் நாம் சொல்லும் எதுவும் எலி போன்ற சிறு பிராணிகளை, 30 மீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் கட்டுப்படுத்துவதற்கே பொருந்தும். எவ்வளவு விலை கொடுத்து ஸ்கோப் வாங்கினாலும் இந்த எல்லை மாறாது.

அடுத்தது சட்டம்

எமது நாட்டில் துவக்குகளைப் பற்றிய அடிப்படைச் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துவக்குகள் கட்டளைச் சட்டம். காட்டு விலங்குகளைப் பற்றியது 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். இரண்டும் பலமுறை திருத்தப்பட்டவை. கடைக்காரர் “இதுக்கு லைசென்ஸ் வேண்டாம்” என்று சொன்னதை நம்பி வாங்க வேண்டாம். நீங்கள் வாங்க நினைக்கும் துவக்கின் மாதிரியையும் பலத்தையும் ஒரு தாளில் எழுதி, கிராம அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ மாவட்டச் செயலகத்தில் கேளுங்கள். விடையை எழுத்தில் பெறுங்கள். எந்தப் பிராணியைச் சுடலாம், எதைத் தொடவே கூடாது என்பதை வனசீவராசிகள் திணைக்களத்தின் கிட்டிய அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

எமது பகுதிகளுக்கு இன்னுமொரு காரணமும் உண்டு. ஸ்கோப் பூட்டிய துவக்கோடு வரம்பில் நடப்பவரைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது காற்றுத் துவக்கா, சினைப்பர் துவக்கா என்று தெரியாது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோதிலும் அந்தக் காலத்தின் அச்சம் பலருடைய நெஞ்சில் இன்னும் இருக்கிறது. துவக்கை உறையில் போட்டே எடுத்துச் செல்ல வேண்டும். பத்திரங்கள் கையில் இருக்க வேண்டும். அயலவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஸ்கோப் தேவைதானா?

எல்லோருக்கும் தேவையில்லை. துவக்கோடு வரும் இரும்புக் குறியே பத்து, பதினைந்து மீற்றருக்குப் போதும். ஒலிம்பிக் போட்டிகளில் 1984 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காற்று றைபிள் போட்டி முதன்முதலில் சேர்க்கப்பட்டது. அதில் 10 மீற்றர் தூரத்தில் நின்று அரை மில்லிமீற்றர் புள்ளியைக் குறிவைக்கிறார்கள். அவர்கள் உருப்பெருக்கும் ஸ்கோப் எதுவும் பாவிப்பதில்லை. சிறு துவாரத்தினூடாகப் பார்க்கும் குறியே அவர்களுக்கு உண்டு. கை உறுதியும் பயிற்சியும் இருந்தால் வெறுங்கண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது சான்று.

ஆனால் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நிலைமை வேறு. இரும்புக் குறியில் பின்குறி, முன்குறி, இலக்கு என மூன்றையும் ஒரே கோட்டில் பார்க்க வேண்டும். மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. வயது ஏற ஏறக் கிட்டிய பொருள் மங்கலாகிவிடும். ஸ்கோப்பில் குறுக்குக்கோடும் இலக்கும் ஒரே தளத்தில் தெரிவதால் கண் ஒன்றை மாத்திரம் பார்த்தால் போதும். காவல் கொட்டிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்பதால் இது சிறிய விடயமன்று. மேலும், தெளிவாகப் பார்த்துச் சுட்டால் குறி தவறிக் காயப்படுத்துவதும் குறையும். சுடாமல் விட வேண்டியதை நேரத்தோடு அறிந்துகொள்ளவும் முடியும்.

இலக்கங்களை வாசிக்கும் விதம்

ஸ்கோப்பின் மேல் 4×32 என்று எழுதியிருந்தால், முதல் இலக்கம் எத்தனை மடங்கு பெருப்பித்துக் காட்டும் என்பதையும், இரண்டாவது இலக்கம் முன்வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீற்றர் என்பதையும் குறிக்கும். 3–9×40 என்றால் மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை மாற்றலாம், முன்வில்லை 40 மில்லிமீற்றர்.

இரண்டாவது இலக்கத்தை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டத்தின் விட்டம் கிடைக்கும். 4×32 இல் அது 8 மில்லிமீற்றர். 4×20 இல் 5 மில்லிமீற்றர். 4×15 இல் நான்குக்கும் குறைவு. 3–9×40 ஐ ஒன்பதில் வைத்தால் ஏறத்தாழ 4.4. இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீற்றர் வரை விரியும். முதியவரின் கண்மணி ஏறத்தாழ 5 மில்லிமீற்றருக்கு மேல் விரிவது அரிது. எலி வெளியே வருவது பொழுதுபட்ட நேரத்தில். அந்நேரத்தில் ஒளிவட்டம் சிறியதாக உள்ள ஸ்கோப்பில் இலக்கு கறுத்துத் தெரியும். பெரிய ஒளிவட்டத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கண் சற்று விலகியிருந்தாலும் காட்சி மறையாது.

பெரிய இலக்கத்துக்கு மயங்க வேண்டாம். உருப்பெருக்கம் கூடக் கூடக் காட்சியின் அகலம் குறையும். நான்கு மடங்கில் 20 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ இரண்டு மீற்றர் அகலம் தெரியும். ஒன்பது மடங்கில் ஒரு மீற்றரும் தெரியாது. ஓடும் எலியை அதற்குள் தேடிப் பிடிப்பதற்குள் அது வளைக்குள் போய்விடும். இலக்குக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரியாது. கை நடுக்கமும் ஒன்பது மடங்காகத் தெரியும். 30 மீற்றருக்கு உட்பட்ட வேலைக்கு நான்கு மடங்கு போதும்.

பாரம் ஏன் முக்கியம்?

சுருள்வில்லால் இயங்கும் சாதாரணக் காற்றுத் துவக்கு ஒன்று மூன்று கிலோ வரை இருக்கும். நான்கு மடங்குச் சிறு ஸ்கோப் முந்நூறு கிராம் அளவில் வரும். முன்வில்லையைத் திருப்பித் தூரம் சரிசெய்யும் பெரிய ஸ்கோப் பிடிகளோடு சேர்த்து அரைக் கிலோவைத் தாண்டும். வேறுபாடு சிறிதென்று தோன்றலாம். ஆனால் அந்தப் பாரம் துவக்கின் உச்சியில் இருக்கிறது. நின்றுகொண்டு சுடும்போது துவக்கு பக்கவாட்டில் சரியப் பார்க்கும். மெலிந்த தோளுள்ளவர்கள் விரைவில் களைப்பார்கள்.

நீளத்தையும் பார்க்க வேண்டும். குழலை மடித்துக் குண்டு போடும் துவக்கில் நீண்ட ஸ்கோப் முன்னுக்குத் துருத்திக்கொண்டிருந்தால் கைக்கு இடைஞ்சல். குழலை மடிக்கும்போது பலர் தம்மை அறியாமல் ஸ்கோப்பையே பிடித்து இழுப்பார்கள். அப்போது குறி மாறிவிடும்.

பாரத்தைக் குறைக்க வேண்டியதற்கு இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதுவே அடுத்த விடயம்.

இரட்டை உதைப்பு

வெடிமருந்துத் துவக்கு ஒருமுறை பின்னோக்கி உதைக்கும். சுருள்வில் காற்றுத் துவக்கு அப்படியன்று. விசையை இழுத்ததும் உள்ளே இருக்கும் பாரமான பிஸ்ரன் முன்னோக்கிப் பாய்கிறது. அப்போது துவக்கு பின்னோக்கி உதைக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பிஸ்ரன் அமுக்கப்பட்ட காற்றில் மோதி நிற்கிறது. அப்போது துவக்கு முன்னோக்கித் தள்ளப்படுகிறது. ஆக, ஒரு வெடிக்கு இரண்டு உதைப்புகள், எதிரெதிர்த் திசையில்.

பெரிய துவக்குகளுக்கென்று செய்யப்பட்ட ஸ்கோப் பின்னுதைப்பைத் தாங்கும்படி அமைக்கப்பட்டது. முன்னோக்கிய உதைப்பை அது எதிர்பார்ப்பதில்லை. வில்லை தளரும், குறுக்குக்கோடு அறும் அல்லது சுழன்றுவிடும். “மான் சுடும் துவக்கில் பாவித்த ஸ்கோப், உங்கள் சின்னத் துவக்குக்கு இது எம்மாத்திரம்” என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். பெட்டியிலோ விளக்கத்தாளிலோ சுருள்வில் காற்றுத் துவக்குக்கு ஏற்றது என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும்.

ஸ்கோப் எவ்வளவு பாரமோ அவ்வளவுக்கு ஒவ்வொரு உதைப்பிலும் பிடிகளை இழுக்கும். பாரம் கூடிய ஸ்கோப் மெல்ல மெல்லப் பின்னோக்கி வழுக்கும். திருகாணி தளரும். பாரம் குறைந்தது பிடியில் நிலைத்து நிற்கும். முன்கூட்டியே காற்றை அடைத்துவைத்துச் சுடும் வகைத் துவக்குகளில் இந்த உதைப்பு இல்லை. ஆனால் அவற்றின் விலையும் காற்றடிக்கும் பம்பின் விலையும் எமது குடும்பங்களுக்கு எட்டாதவை.

கிட்டிய தூரத்துக் கோளாறு

ஸ்கோப்பை அசையாமல் வைத்து, கண்ணை மட்டும் இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். சில ஸ்கோப்புகளில் குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்வது போலத் தெரியும். ஓடும் பஸ்ஸிலிருந்து பார்க்கும்போது கிட்டிய பனை தூரத்துப் பனையைக் கடந்து ஓடுவது போன்றதே இது. ஒவ்வொரு ஸ்கோப்பும் ஒரு குறித்த தூரத்தில் மாத்திரம் இந்த நகர்வு இல்லாதபடி செய்யப்படுகிறது. பெரிய துவக்குகளுக்குரியதில் பெரும்பாலும் அது 100 யார். காற்றுத் துவக்குக்கென்று செய்யப்பட்டதில் 25 முதல் 35 யார் வரை இருக்கும்.

இதனால் வரும் பிழையைக் கணக்கிடலாம். 100 யாருக்குச் சரிசெய்யப்பட்ட, 32 மில்லிமீற்றர் முன்வில்லையுள்ள ஸ்கோப்பால் 15 மீற்றரில் சுடும்போது, கண் ஓரத்தில் இருந்தால் 13 மில்லிமீற்றர் வரை குறி தவறலாம். அதே அளவு வில்லை 25 யாருக்குச் சரிசெய்யப்பட்டிருந்தால் பிழை 6 மில்லிமீற்றருக்கு மேற்படாது. எலியின் தலை இரண்டு விரல் அகலமே. பதின்மூன்று மில்லிமீற்றர் தவறினால் சாவுக்குப் பதில் காயமே மிஞ்சும்.

முன்வில்லை பெரிதாக இருந்தால் இந்தப் பிழையும் பெரிதாகும். ஆகவே சிறிய ஸ்கோப்புக்கு இங்கேயும் ஒரு சாதகம் உண்டு. எதை வாங்கினாலும், கன்னத்தைப் பிடங்கின் ஒரே இடத்தில் வைத்து, கண்ணை நடுவில் நிறுத்திப் பழகுவதே இதற்கு முதல் மருந்து.

பூட்டும்போது

காற்றுத் துவக்கின் மேலே இரு பக்கமும் வெட்டிய தவாளிப்பு இருக்கும். அதன் அகலம் வழமையாக 11 மில்லிமீற்றர். பெரிய துவக்குகளின் தட்டு ஏறத்தாழ இருமடங்கு அகலம். பிடி வாங்கும்போது இதைச் சொல்லிக் கேட்க வேண்டும். பொருந்தாத பிடியைத் தகரம் வைத்து இறுக்கினால் நிற்காது.

பிடியின் அடியில் சிறு முளை ஒன்று உள்ளதா என்று பாருங்கள். துவக்கின் மேலுள்ள துவாரத்தில் அந்த முளை இறங்கினால் ஸ்கோப் பின்னோக்கி வழுக்காது. கண்ணுக்கும் பின்வில்லைக்கும் இடையே மூன்று அங்குலமாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் உதைப்பில் விளிம்பு புருவத்தை வெட்டும். திருகாணிகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போனால் குழாய் நசியும்.

குறியைச் சரிசெய்தல்

முதலில் 10 மீற்றரில் ஒரு கடதாசியை மண்மேட்டுக்கு முன்னால் வைத்து மூன்று குண்டு சுடுங்கள். துவக்கைக் கல்லிலோ பலகையிலோ நேரடியாக வைக்க வேண்டாம். சுருள்வில் துவக்கு கடினமான தாங்கலில் துள்ளும். மணல் மூட்டையின் மேல் உங்கள் உள்ளங்கையை வைத்து, அதன்மேல் துவக்கைத் தளர்வாகக் கிடத்துங்கள். ஒரு குண்டை வைத்துத் தீர்மானிக்காமல் மூன்று துளைகளின் நடுவைக் கணக்கில் எடுங்கள்.

பின்னர் 25 மீற்றருக்குப் போங்கள். பெரும்பாலான ஸ்கோப்புகளில் மேலும் பக்கத்திலும் உள்ள திருகியை ஒரு “கிளிக்” திருப்பினால் 100 யாரில் கால் அங்குலம் நகரும். 25 மீற்றரில் அது ஏறத்தாழ 1.8 மில்லிமீற்றர். குண்டு 3 சென்ரிமீற்றர் தாழ்வாக விழுந்தால் பதினாறு, பதினேழு கிளிக் மேலே திருப்ப வேண்டும்.

குண்டு நேர்கோட்டில் போவதில்லை. 5.5 மில்லிமீற்றர் குண்டு செக்கனுக்கு 180 மீற்றர் வேகத்தில் புறப்படுவதாகவும், ஸ்கோப் குழலுக்கு மேல் 4 சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதாகவும், 25 மீற்றரில் குறி சரிசெய்ததாகவும் வைத்துக்கொள்வோம். 5 மீற்றரில் குண்டு ஒன்றரைச் சென்ரிமீற்றர் தாழ விழும். 10 மீற்றரில் குறியிலேயே படும். 15 மீற்றரில் சற்று உயரும். 25 இல் மீண்டும் குறியில் படும். 30 இல் ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் தாழும். 40 இல் ஏறத்தாழ பத்துச் சென்ரிமீற்றர். 50 மீற்றரில் ஒரு சாணுக்கும் மேல். 30 மீற்றர் என்று நாம் எல்லை போட்டது இதற்காகவே. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். கொட்டிலிலிருந்து 10, 20, 30 மீற்றரில் வேலிக் கதியால்களில் துணி கட்டி அடையாளம் வையுங்கள்.

கடையில் பரிசோதிப்பது

* ஸ்கோப்பைக் காதருகில் வைத்து மெதுவாக ஆட்டுங்கள். உள்ளே ஏதும் கிலுங்கினால் வேண்டாம்.
* வெளியே ஒரு மின்கம்பத்தைப் பாருங்கள். நேரான கம்பம் ஓரத்தில் வளைந்து தெரிந்தால் வில்லை தரமற்றது.
* மேசையில் அசையாமல் வைத்து, வெளியே ஏறத்தாழ 25 மீற்றர் தூரத்திலுள்ள எழுத்தொன்றைப் பார்த்துக் கண்ணை அசையுங்கள். குறுக்குக்கோடு பெரிதாக நகர்ந்தால் அது கிட்டிய தூரத்துக்கு உரியதன்று.
* திருகிகளைத் திருப்பும்போது ஒவ்வொரு கிளிக்கும் கையில் தெளிவாகப் படவேண்டும்.
* முன்வில்லையை வெளிச்சத்துக்குப் பிடித்து, உள்ளே புகார் போலவோ சிலந்திவலை போலவோ ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். அது பூஞ்சணம்.
* உள்ளே நைதரசன் வாயு அடைத்ததா என்று கேளுங்கள். அடைத்ததில் மழைக்காலத்தில் உட்புறம் வியர்ப்பது குறைவு.
* விளக்கு எரியும் குறுக்குக்கோடு தேவையில்லை. பற்றரி முடிந்தால் ஒரு செலவு, இருட்டில் சுடும் ஆசை இன்னொரு ஆபத்து.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சோதனை செய்யலாம். ஒரே புள்ளியைக் குறிவைத்து, இருபது கிளிக் மேலே, இருபது வலப்பக்கம், இருபது கீழே, இருபது இடப்பக்கம் எனத் திருப்பி ஒவ்வொரு மூலையிலும் சுடுங்கள். கடைசித் துளை முதல் துளையில் வந்து சேர்ந்தால் ஸ்கோப் நம்பகமானது. சேராவிட்டால் பற்றுச்சீட்டோடு கடைக்குப் போங்கள்.

பேணும் முறை

செம்மண் தூசு உள்ள வில்லையைச் சாரத்தால் துடைக்க வேண்டாம். மண் துகள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, பின்னர் கழுவி உலர்த்திய மென்மையான பருத்தித் துணியால் துடையுங்கள். மழைக்காலத்தில் தோலுறைக்குள் அடைத்துவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றோட்டமான, உலர்ந்த இடத்தில் வையுங்கள். அடிக்கடி இடம் மாற வேண்டிய குடும்பங்கள் ஸ்கோப்பைக் கழற்றி, துணியில் சுற்றி, பாத்திரங்களோடு சேராமல் தனியே எடுத்துச் செல்லலாம். மீண்டும் பூட்டினால் குறியைத் திரும்பவும் சரிபார்க்க வேண்டும்.

உயிர்களைக் காப்பது

காற்றுத் துவக்கின் குண்டு குறி தவறினால் சில நூறு மீற்றர் போகும். ஒரு பிள்ளையின் கண்ணை அழிக்க அதன் பலம் தாராளமாகப் போதும். ஆகவே பின்னால் மண்மேடோ தடித்த மரமோ இல்லாத இடத்தில் சுடக்கூடாது. மரத்தின் மேலே நோக்கிச் சுடக்கூடாது. கிணற்றுக் கட்டையும் கல்லையும் நோக்கிச் சுட்டால் குண்டு தெறித்துத் திரும்பும்.

ஸ்கோப்பைத் தூரப் பார்வைக்குப் பாவிக்க வேண்டாம். வேலிக்கு அப்பால் நடமாடுவது யார் என்று ஸ்கோப்பால் பார்ப்பவர், அதே நேரத்தில் ஒரு மனிதரை நோக்கித் துவக்கை நீட்டுகிறார். பார்ப்பதற்கென்று தனியே ஒரு பைனாகுலர் வைத்துக்கொள்ளுங்கள்.

காயப்பட்ட பிராணியைத் தேடித் துப்புரவாக்கப்படாத பற்றைக்குள் இறங்க வேண்டாம். எமது நாடு 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. மிதிவெடி அகற்றும் பணியும் நீண்ட காலமாக நடைபெற்று வந்திருக்கிறது. ஆயினும் அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத நிலத்தில் கால் வைப்பது ஓர் எலிக்காகக் காலை இழப்பதாகும்.

குண்டுகள் ஈயம். வாயில் வைத்துக்கொண்டு துவக்கை மடிக்கும் பழக்கத்தை விடுங்கள். சுட்டு முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். துவக்கையும் குண்டையும் பிள்ளைகள் எட்டாத இடத்தில், வெவ்வேறாகப் பூட்டி வையுங்கள்.

எதற்கு முதலில் செலவு செய்வது?

கையில் உள்ள காசு மட்டானது. அதைச் செலவு செய்யும் ஒழுங்கு பற்றி எமது கருத்து இது. குரங்கும் பன்றியும் பெரிய தொல்லையாக இருந்தால் காசை வேலிக்கும், பற்றை வெட்டுவதற்கும், அயல் காணிகளோடு சேர்ந்து முறைவைத்துக் காவல் இருப்பதற்கும் செலவிடுங்கள். அங்கே காற்றுத் துவக்கும் ஸ்கோப்பும் உதவா. களஞ்சியத்தில் எலியே தொல்லை என்றால், முதலில் நெல் மூட்டைகளை நிலத்திலிருந்து உயர்த்தி, தூண்களுக்குத் தகரக் கவசம் இட்டு, பொறிகளை வையுங்கள். அதன் பின்னும் தேவை இருந்து, சட்டமும் அனுமதித்தால் துவக்கு வாங்கலாம். ஒரு மாதமாவது இரும்புக் குறியோடு பழகுங்கள். கண் ஒத்துழைக்கவில்லை என்று கண்டபின் ஸ்கோப்பைப் பற்றி யோசியுங்கள்.

அப்படி வாங்குவதானால் நிலையான நான்கு மடங்கு, 32 மில்லிமீற்றருக்கு மேற்படாத முன்வில்லை, முந்நூறு கிராம் அளவான பாரம், சுருள்வில் துவக்குக்கு ஏற்றது என்ற உறுதி, 25 முதல் 35 யாருக்குள் சரிசெய்யப்பட்ட பார்வை, முளையுள்ள 11 மில்லிமீற்றர் பிடி ஆகிய ஆறையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆறில் ஒன்று குறைந்தாலும் காசைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டு வாருங்கள். அடுத்த கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும், விதைநெல் வாங்க அந்தக் காசு இருக்கும்.